ராமநாதபுரம் கடற்கரையில கல்லு பொறுக்குறவங்ககிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலையில அரியமான் பக்கம் நாங்க ஏழெட்டு பேரு கூடுவோம். டீச்சர் ஒருத்தங்க, வலை வியாபாரம் பாக்குற ஒரு மாமா, கொழும்புல கல்லு பட்டறையில வேலை பாத்துட்டு ஊரு திரும்பின கீழக்கரை காக்கா (அங்க அண்ணனக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க) ஒருத்தர், ரெண்டு காலேஜ் பசங்க, அப்புறம் நான். குனிஞ்சு குனிஞ்சு நடக்குறதப் பாத்து என்ன தொலைச்சீங்கன்னு கேட்டவங்கள்ல பாதி பேரு அடுத்த வாரம் கூடவே நடந்தாங்க. புதுசா வர்றவங்க கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

தண்ணிக்குள்ள கிடக்கும்போது பளபளன்னு இருந்த கல்லு வீட்டுக்கு வந்ததும் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சே, ஏன்?

எல்லாரும் மொதல்ல கேக்குறது இதுதான். கல்லுக்கு ஒண்ணும் ஆகல. அலையில உருண்டு உருண்டு அதோட மேல்தோல்ல கண்ணுக்குத் தெரியாத குழி ஆயிரக்கணக்குல விழுந்துருக்கும். காய்ஞ்சு இருக்கும்போது வெளிச்சம் அந்தக் குழியில பட்டு நாலாபக்கமும் சிதறிடுது, அதனால வெள்ளையா மங்கலா தெரியுது. தண்ணி பட்டதும் குழியெல்லாம் நிரம்பி மேல்பரப்பு வழவழன்னு ஆயிடும், வெளிச்சம் உள்ள போயி கல்லோட சொந்த நிறத்தோட திரும்பி வரும். பாலிஷ் போடுறதுன்னா அந்தக் குழிகளையே தேய்ச்சு இல்லாம ஆக்குறதுதான், அப்புறம் தண்ணி இல்லாமலே நனைஞ்ச கல்லு மாதிரி நிக்கும். சில பேரு தேங்கா எண்ணெய் தடவி வைக்கிறாங்க, ரெண்டு நாள் நல்லா இருக்கும், அப்புறம் தூசி ஒட்டி பிசுபிசுன்னு ஆயிடும். வார்னிஷ் அடிக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காது, கல்லத் தொட்டா பிளாஸ்டிக்கத் தொடுற மாதிரி இருக்கும்.

நம்ம கரையில என்னதான் கிடைக்கும்?

உள்ளதச் சொல்லிடுறேன், கன்னியாகுமரி மாதிரி பாறை வந்து கடல்ல இறங்குற ஊரு இல்ல இது. மணலும் சுண்ணாம்பும்தான் நம்ம கரை. பாம்பன்ல மேல எழும்பி நிக்கிற பழைய பவளத்திட்டு, ராமேஸ்வரம் தீவு ஓரமா மணலும் சிப்பியும் சுண்ணாம்பால ஒட்டி இறுகின கடற்கரைப்பாறை, இதுக்கு நடுவுல தான் தேடணும். தேடுனா கிடைக்கிறது வெங்கச்சாங்கல்லு, அதான் குவார்ட்ஸ். பால் வெள்ளை, தேன் நிறம், சில சமயம் ரோஜா கலந்த மாதிரி. வைகை ஆத்தாங்கரைக்கிட்ட கடல்ல சேருது பாருங்க, மலைப்பக்கத்துல இருந்து அந்த ஆறு காலங்காலமா உருட்டிக் கொண்டாந்த சரளை அது. உள்ளூர்ப் பக்கம் போனா செம்புறாங்கல்லு உண்டு, ஆனா அது பாலிஷ் ஏறாது, பொடிஞ்சு போகும்.

மணல்லயே கருப்பா கோடு கோடா ஓடுதுல்ல, அதை ஒரு சிட்டிகை எடுத்து லென்ஸ் வச்சுப் பாருங்க. கருப்பு இல்மனைட், சிவப்பா மாதுளை முத்து மாதிரி மின்னுறது கார்னெட். பழைய ஸ்பீக்கர் காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மேல காட்டுனா கருப்பு மொதல்ல ஒட்டும், சிவப்பு பின்தங்கும். பாத்துட்டு மணல அங்கேயே போட்டுருங்க, தாது மணல் அள்ளுறது சட்டப்படி பெரிய விவகாரம், பாட்டில்ல கூட வீட்டுக்கு வேண்டாம்.

தூண்டில் வளைவு போட்டுருக்க கருங்கல்ல யாரும் கண்டுக்கிறது இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். எல்லாம் உள்நாட்டுக் குவாரியில இருந்து லாரியில வந்தது. உடைஞ்ச முகத்துல சிவப்புப் பொட்டு பொட்டா கார்னெட், ரோஸ் கலர்ல ஃபெல்ட்ஸ்பார், இடையில கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ். சுத்தியல் வேண்டாம், அது கரையக் காக்குற கல்லு, தண்ணி ஊத்திப் பாத்தா போதும்.

எந்தப் பக்கம், எந்த மாசம் நல்லது?

நம்ம ஊருல வடக்க இருக்க பாக் ஜலசந்திய பெண்கடல்னும் தெக்க இருக்க மன்னார் வளைகுடாவ ஆண்கடல்னும் சொல்றது உங்களுக்கே தெரியும். பெண்கடல்ல வாடைக்காத்து அடிச்சு ஓஞ்ச பிறகு, அதாவது தை மாசம் வாக்குல, புதுசா நிறைய ஒதுங்கி இருக்கும். தெக்க கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து காலத்துல அலை மணலையே புரட்டிப் போடும், அது முடிஞ்சதும் போகணும். கடல் உள்வாங்கி வத்தக் கடலா இருக்கும்போது காலையில போங்க, வெயில் சாய்வா விழும்போது கல்லு தன்னால கண்ணுல படும்.

பவளப்பாறைத் துண்டு செத்துப்போயி கரையில கிடக்கு, எடுத்தா என்ன தப்பு?

எடுக்கக்கூடாது. செத்ததும்தான். கல்லுப் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, யானைக்கும் புலிக்கும் என்ன காவலோ அதே காவல். உயிரோட இருக்கா செத்ததான்னு பாக்காது, துண்டுன்னாலும் கேஸ்தான், ஜெயில் தண்டனை உண்டு.

சட்டத்தத் தள்ளி வச்சுட்டுச் சொல்றேன். மன்னார் வளைகுடா தேசிய கடல் பூங்கா 1986-ல அறிவிச்சாங்க, மொத்தம் 21 தீவு. அதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு அடியில. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் பாறையத் தோண்டித் தோண்டி எடுத்தாங்க, அலையத் தடுக்க முன்னாடி ஒண்ணும் இல்லாமப் போச்சு, தீவு கரைஞ்சது. வலை வியாபாரம் பாக்குற மாமா இதச் சொல்லும்போது மத்த நேரம் பேசுற மாதிரி பேச மாட்டாரு, அவங்க வீட்டுச் சுவரே முருகைக்கல்லு, அதான் பவளக்கல்லுலதான் கட்டுனது. இன்னைக்குக் கரையில கிடக்குற செத்த துண்டுதான் நாளைக்கு மணலாகுது. ஒரு லோடு டூரிஸ்ட் ஆளுக்கு ஒண்ணுன்னு பையில போட்டா கரைக்குப் போக வேண்டியது பஸ்ல போகுது.

ஆசையா இருந்தா தனுஷ்கோடிக்குப் போங்க. 1964 டிசம்பர் புயல்ல போனது போக நிக்கிற சர்ச் சுவரு பவளக்கல்லுதான். பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வச்சு சுவருக்கிட்ட போயி நின்னு பாத்தா நட்சத்திரம் நட்சத்திரமா பூச்சி குடியிருந்த ஒவ்வொரு அறையும் தெரியும். போட்டோ எடுங்க, பேத்து எடுக்காதீங்க. ஏற்கனவே நிறைய பேரு பேத்துட்டாங்க.

அப்ப மோதிரத்துல போடுற பவளம்?

அது வேற ஜாதி. நகைக்குப் போற செம்பவளம் பேரு பெத்தது மத்தியதரைக்கடல்ல. நம்ம கடல்ல இருக்கது பாறை கட்டுற பவளம், காஞ்சா வெள்ளையாயிடும், ஓட்டை ஓட்டையா இருக்கும். பேரு ஒண்ணா இருக்கதால யாராவது "மன்னார் வளைகுடா ஒரிஜினல் பவளம்"னு மோதிரம் நீட்டுனா வாங்காதீங்க.

சிப்பி சங்கு எடுக்கலாமா?

வெறும் ஓடு ஒண்ணு ரெண்டு எடுக்குறவங்கள நான் தடுக்குறது இல்ல, ஆனா நாட்டிலஸ், ராட்சச மட்டி மாதிரி சிலதும் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு, அடையாளம் தெரியலைன்னா தொடாதீங்க. உள்ள நண்டு குடியிருக்கான்னு உள்ளங்கையில வச்சு ரெண்டு நிமிஷம் பொறுமையாப் பாத்துருங்க.

ராமேஸ்வரத்துல மிதக்குற கல்லு காட்டுறாங்களே, அது என்ன கல்லு?

தண்ணியில நல்லா மிதந்துக்கிட்டே இருக்க கல்லுன்னா அது பியூமிஸ், நுரைக்கல்லுன்னும் சொல்லுவாங்க. எரிமலைக் குழம்பு நுரைச்சுக்கிட்டு வெளிய வரும்போது காத்து உள்ள இருக்கையிலேயே இறுகிப் போனது. உள்ள பூரா மூடுன காத்தறை, அதான் மூழ்காது. தமிழ்நாட்டுல எரிமலை ஏதுன்னு கேப்பீங்க. 1883-ல இந்தோனேசியாவுல கிரகடோவா வெடிச்சப்ப வந்த நுரைக்கல்லு திட்டு திட்டா இந்தியப் பெருங்கடலத் தாண்டி ஆப்பிரிக்காக் கரை வரை மிதந்து போயிருக்கு, கடல் கல்லச் சுமந்துக்கிட்டு எவ்வளவு தூரமும் போகும்.

பவளத்தையும் இதையும் குழப்பிக்கிறாங்க. ஒரு சொட்டு வினிகர் விட்டா பவளம் பொங்கும், ஏன்னா அது சுண்ணாம்பு. நுரைக்கல்லு சும்மா இருக்கும். லென்ஸ்ல பவளத்துல நட்சத்திர அச்சு தெரியும், நுரைக்கல்லுல கண்ணாடி இழை மாதிரி ஒழுங்கில்லாத ஓட்டை. கும்புடுறவங்க முன்னாடி நின்னு இதப் பேசாதீங்க, நாங்க பேசுறது இல்ல. கேட்டா மட்டும் சொல்லுவோம்.

ஸ்படிக மாலை வாங்குனேன், கண்ணாடியா ஸ்படிகமான்னு எப்படிப் பாக்குறது?

ராமேஸ்வரம் கோயில்ல விடியக்காலையில ஸ்படிகலிங்க தரிசனம் பாத்துட்டு வர்றவங்க அந்த மனசோடயே மாலை வாங்குவாங்க, அதனால இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஸ்படிகம்னா நம்ம வெங்கச்சாங்கல்லோட சொந்தக்காரன்தான், ரெண்டும் குவார்ட்ஸ், இது தெளிவா இருக்கு அவ்வளவுதான். மொதல்ல லென்ஸ் வச்சுப் பாருங்க, உருண்டையா காத்துக் குமிழி தெரிஞ்சா கண்ணாடி. ஸ்படிகத்துக்குள்ள இருந்தா மேகம் மாதிரி, கீறல் மாதிரி, இழை மாதிரி இருக்கும். கன்னத்துல வச்சா சில்லுன்னு இருக்கும், அந்தச் சில்லு கண்ணாடிய விட நேரம் நிக்கும், ஆனா இத மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

காலேஜ் தம்பி ஒருத்தன் சொல்லிக் குடுத்தது இது, இதுவரைக்கும் என்னைக் கைவிடல. லேப்டாப்ல வெள்ளை ஸ்கிரீன் வச்சுக்கங்க, போலராய்டு கூலிங் கிளாஸ அதுக்கு முன்னாடி பிடிச்சு மெதுவா திருப்புங்க, ஒரு இடத்துல ஸ்கிரீன் இருட்டாகும். அப்படியே வச்சுக்கிட்டு ஸ்கிரீனுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மணிய வச்சு உருட்டுங்க. ஸ்படிகம்னா உருட்ட உருட்ட வெளிச்சமாகும், சில பக்கம் வானவில் கலர் கூட வரும். கண்ணாடி இருட்டாவே கிடக்கும், ரொம்பப் போனா லேசா சாம்பல் தட்டும். ஃபேக்டரியில வளத்த குவார்ட்ஸும் இதுல பாஸ் ஆயிடும், அதப் பிரிச்சுச் சொல்ல லேபுக்குத்தான் போகணும்.

கண்ணாடின்னு தெரிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க அம்மா பத்து வருஷமா அதுலதான் ஜெபம் பண்ணுறாங்களாம். அம்மாகிட்டச் சொல்லாதீங்கக்கான்னேன்.

வீட்டுல மிஷின் இல்லாம ஒரு கல்லு பாலிஷ் பண்ண முடியுமா?

முடியும், மொதல்ல அப்படித்தான் பண்ணணும். பெயிண்ட் கடையில வாட்டர் பேப்பர் வாங்குங்க, 120, 220, 400, 600, 1000, 2000. மாக்கல்லு மாதிரி மெதுவான கல்லுல ஆரம்பிங்க. ஒரு டைல்ஸ் மேல பேப்பர ஒட்டி தண்ணி தெளிச்சு வட்டமா தேய்க்கணும். அடுத்த நம்பருக்குப் போறதுக்கு முன்னாடி கல்லு மேல பென்சில்ல குறுக்குக் கோடு போடுங்க, கோடு பூரா போயிடுச்சுன்னாத்தான் மேடு பள்ளம் சமமாச்சுன்னு அர்த்தம். நம்பர் மாத்தும்போது கல்லையும் கையையும் டைல்ஸையும் கழுவுங்க, 120-ஓட ஒரே ஒரு துகள் 1000-ல கலந்தா அந்தக் கீறல் கடைசி வரைக்கும் போகாது. வெங்கச்சாங்கல்ல கையால தேய்க்கவும் முடியும், அந்தப் பேப்பர்ல ஒட்டியிருக்க கார்போரண்டம் (சிலிக்கான் கார்பைடு) அதை விடக் கெட்டி, ஆனா நாலஞ்சு சாயங்காலம் போகும். டீச்சர் ஒரு கல்ல முழுப் பரீட்சை லீவுலயும் தேய்ச்சாங்க, இன்னைக்கும் பர்ஸ்ல வச்சுருக்காங்க.

டம்ளர் மிஷின் போட்டா எவ்வளவு நாள் ஆகும்?

ஒரு மாசம். ரப்பர் டப்பாவுக்குள்ள கல்லு, தண்ணி, கார்போரண்டம் பவுடர் போட்டு ராத்திரி பகலா உருள விடணும். கடல் நூறு வருஷத்துல பண்றத இது மோட்டார வச்சுப் பண்ணுது. டப்பாவுல முக்காலுக்குக் கொஞ்சம் குறைவா கல்லு இருக்கணும், தண்ணி மேல்கல்லத் தொட்டும் தொடாம. ஒன்றரைக் கிலோ டப்பாவுக்கு மொதல் கட்டத்துல நாலு டேபிள் ஸ்பூன் முரட்டுப் பவுடர், ஏழுல இருந்து பத்து நாள். அப்புறம் 220, அப்புறம் 500, ஒவ்வொண்ணும் ஒரு வாரம். கடைசியில அலுமினியம் ஆக்சைடு இல்லாட்டி சீரியம் ஆக்சைடு.

ஒரே கெட்டித்தன்மை உள்ள கல்ல மட்டும் ஒண்ணாப் போடுங்க. கெட்டிய அளக்க 1812-ல மோஸ்னு ஒருத்தர் ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் அளவு குடுத்தாரு. நம்ம நகம் ரெண்டரை, சுண்ணாம்புக்கல்லு மூணு, ஜன்னல் கண்ணாடி அஞ்சரை, குவார்ட்ஸ் ஏழு, குருந்தம் ஒம்போது, வைரம் பத்து. நான் மொதத் தடவை அழகா சிப்பி பதிஞ்ச கடற்கரைப்பாறைத் துண்டு நாலு, வெங்கச்சாங்கல்லோட சேத்துப் போட்டுட்டேன். பத்து நாள் கழிச்சுத் திறந்தா டப்பா பூரா பால், அந்த நாலு துண்டும் இல்லவே இல்ல. அதுல ஒண்ணு எங்க அப்பா குடுத்தது. இன்னும் மனசுல கிடக்கு.

கழிவுச் சேற சிங்க்ல ஊத்தாதீங்க, பைப்புக்குள்ள சிமெண்டு மாதிரி இறுகிடும். வாளியில தெளிய விட்டு சேறக் காய வச்சு குப்பையில போடுங்க.

குருந்தம்னு சொன்னீங்களே, அது தமிழ்ப் பேரா?

ஆமா! இங்கிலீஷ்ல அத கொரண்டம்னு சொல்றாங்கல்ல, அந்தப் பேரே நம்ம குருந்தத்துல இருந்து போனதுதான். சிவப்பா தெளிவா இருந்தா மாணிக்கம், நீலமா இருந்தா நீலக்கல்லு, ரெண்டுமே குருந்தம். காங்கேயம் சிவன்மலைப் பக்கம் குருந்தம் கிடைக்கிற பூமி, பக்கத்துல படியூர்ல கடல்நீல நிறத்துல இருக்க அக்வாமரின் கல்லு எடுத்துருக்காங்க. கொடுமணல்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மணிக்கல்லுப் பட்டறை நடந்துருக்கு, அகழாய்வுல அரைகுறையா துளை போட்ட மணி எல்லாம் வந்துச்சு. கீழக்கரை காக்கா இதக் கேட்டுட்டு, துளை போடும்போது பாதியில உடைஞ்சா வர்ற வயித்தெரிச்சல் அன்னைக்கும் இருந்துருக்கும் தம்பின்னாரு.

மோதிரத்துல வைக்கிற மாதிரி வெட்டி மெருகு போட யாரு சொல்லித் தருவா?

அடி தட்டையா மேல குவிஞ்சு இருக்குற கேபஷான் வடிவம் வரைக்கும் காக்கா சொல்லித் தருவாரு. குச்சி நுனியில அரக்க உருக்கி கல்ல ஒட்டிக்கிட்டு சாணையில பிடிக்கணும். கல்லையும் லேசா சூடு பண்ணித்தான் ஒட்டணும், குளிர்ந்த கல்லுல அரக்கு பிடிக்காது, சுத்துற சக்கரத்துல கழண்டு பறக்கும். பட்டை தீட்டுறது தனி வித்தை, கோணம் டிகிரி கணக்கு, அதுக்குத் திருச்சிப் பக்கம் போயி செயற்கைக் கல்லு பட்டறையில உக்காந்து பாக்கணும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பு. காஞ்ச கல்ல கிரைண்டர்ல வெட்டக்கூடாது, ஒரு நிமிஷம்கூட. குவார்ட்ஸ் தூசி நுரையீரல்ல போயித் தழும்பாகும், சிலிகோசிஸ்னு பேரு, வந்தா மருந்து இல்ல. எப்பவும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், அதுக்கு மேல என்95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. தண்ணியும் கரண்டும் ஒரே இடத்துல இருக்கதால கரண்டு கசிஞ்சா தன்னால கட் ஆகுற ஆர்சிசிபி போட்ட லைன்ல மட்டும் மிஷின மாட்டுங்க. காக்காவோட கூட்டாளி ஒருத்தர் மூச்சு வாங்குறதப் பாத்த பிறகு நான் இதுல யாருக்கும் விட்டுக்குடுக்குறது இல்ல.

அழகன்குளம் பக்கம் மண்ணுல பழைய பாசிமணி கிடைச்சா?

கிடந்த இடத்துலயே ஒரு போட்டோ எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸுக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க. புதையல் சட்டம் 1878-ல இருந்தே இருக்கு, மறைச்சா குற்றம். அழகன்குளம் சங்ககாலத்துத் துறைமுகம், ரோமானியக் காசும் வட்டமா புள்ளி வரிசை பதிச்ச ரவுலட்டட் பானை ஓடும் வந்த பூமி. மணி எந்த ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுங்கிறதுலதான் அதோட கதையே இருக்கு, பாக்கெட்டுல போட்டதும் அது அறுந்துடும். ராமநாதபுரம் ஊருக்குள்ள ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போயிப் பாருங்க, தொல்லியல் துறைதான் வச்சுருக்கு.

கரையில மெழுகு மாதிரி ஒரு கட்டி, வாசனை வருது. கல்லா?

கல்லு இல்ல. திமிங்கலத்தோட அம்பர்கிரீஸா இருக்கலாம். வச்சுருக்கதும் விக்கிறதும் குற்றம், வனத்துறைக்கு உடனே போன் போடுங்க.

பொறுக்குன கல்லுக்கு விலை கிடைக்குமா? எந்த ராசிக்கு எந்தக் கல்லு?

விலை கிடைக்காது. ராசி நாங்க பாக்குறது இல்ல, கல்லு என்னன்னு வேணா சொல்லுவோம். காசு குடுத்து வாங்குறதா இருந்தா ஜெம் லேப் சர்டிபிகேட் கேளுங்க.

எப்படிச் சேத்து வைக்கிறது?

மொதல்ல ரெண்டு மூணு நாள் நல்ல தண்ணியில ஊறப் போடுங்க, தினம் தண்ணிய மாத்துங்க, உப்பு உள்ள இருந்தா பின்னாடி வெள்ளையா பூக்கும். காஞ்சதும் அடியில ஒரு பொட்டு வெள்ளைப் பெயிண்ட் வச்சு அதுல நம்பர் போட்டு, நோட்டுல அந்த நம்பருக்கு நேரா எந்த ஊரு, என்ன தேதி, கூட யாரு இருந்தான்னு எழுதுங்க. முட்டை அட்டையில அடுக்குனா போதும். என் நோட்டுல 41-ம் நம்பர் சாதாரண தேன் நிறக் கல்லு, பாக்குறவங்க யாரும் கையில எடுக்க மாட்டாங்க. ஆத்தாங்கரை முகத்துவாரத்துல எங்க அப்பாவோட கடைசியா நடந்த அன்னைக்கு எடுத்தது. நம்பர் போடாம இருந்துருந்தா அந்தக் குவியல்ல அது எதுன்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும்.

பிள்ளைகளக் கூட்டிட்டு வரலாமா, என்ன கொண்டாரணும்?

கூட்டிட்டு வாங்க, தரையிலேயே இருக்கதால அவங்க கண்ணுலதான் மொதல்ல படும். தொப்பி, தண்ணி பாட்டில், ஒரு துணிப்பை, லென்ஸ் இருந்தா லென்ஸ். ஆளுக்கு ஒரு கைப்பிடி அளவுதான் எடுக்குறதுன்னு எங்களுக்குள்ள பேசி வச்சுருக்கோம், பெரியவங்களுக்கு அவங்க கை, பிள்ளைகளுக்கு அவங்க கை. ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க, எட்டரைக்கு மேல மணல் சுடும், அப்புறம் ரோட்டோர டீக்கடையில உக்காந்து எடுத்தத எல்லாம் பெஞ்சு மேல பரப்பி ஒவ்வொண்ணா பாப்போம்.